கிணற்றுக்குள் கிடந்த கயிறு

இந்திய இணையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்குவார்கள். வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்ட நாள் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே எர்நெட் வழியாக ஐஐடிகளிலும் சில ஆய்வு நிறுவனங்களிலும் மின்னஞ்சல் புழங்கியது என்றாலும், பணம் கட்டினால் யாரும் உள்ளே போகலாம் என்ற நிலை அன்றைக்குத்தான் வந்தது. ‘யாரும்’ என்றால் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னையில் இருக்கிற யாரும். புதுக்கோட்டைக்காரர் சென்னைக்கு எஸ்டிடி போட்டுத்தான் போக வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் எஸ்டிடி கால்வாசிக் கட்டணம் என்பதால் பூத் வாசலில் ஆட்கள் காத்துக்கிடந்த காலம். மனிதர்கள் பேசுவதற்கே அந்தக் கூட்டம். கம்ப்யூட்டர் பேசுவதற்காக மீட்டரை ஓடவிட்டவர் எங்கள் ஊரில் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்களைப் போன்ற ஊர்களுக்கு இணையம் வந்தது 172 என்ற மூன்று இலக்கத்தின் வழியாக. 1998 நவம்பரில் தனியாருக்கும் இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. 172 என்று தொடங்கும் எண்ணைப் போட்டால் உள்ளூர் அழைப்புக் கட்டணம் மட்டும்தான் என்ற ஏற்பாடும் வந்தது. பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட்டுக்கு 172233. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் வீட்டு இணையத்தின் வரலாறு இந்த ஆறு இலக்கத்தில்தான் தொடங்குகிறது. அதில் யாரும் எழுதாத ஒரு மூலை உண்டு: இந்த எண்ணை லினக்ஸ் ஓடும் கணினியிலிருந்து போட முயன்றவர்களின் கதை. எழுதாததற்குக் காரணம், அவர்களில் பெரும்பாலானோர் இணைப்பு கிடைக்காமலேயே விட்டுவிட்டார்கள்.

2003இல் எங்கள் வீட்டில் ஒரு அசெம்பிள்டு கணினி இருந்தது. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். கடிதம் வந்துசேரப் பத்து நாள் ஆகும், ஐஎஸ்டி பேசினால் நிமிடத்துக்கு நிமிடம் நெஞ்சு படபடக்கும். மெயில் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அந்தக் கணினியை வாங்கவைத்தேன். கடைக்காரர் விண்டோஸ் 98ஐ ‘சேர்த்தே’ போட்டுக் கொடுத்தார். லைசென்ஸ் என்ற சொல்லை அதுவரை டிரைவிங் சம்பந்தமாக மட்டுமே கேட்டிருந்த வீடு எங்களுடையது. திருச்சியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் ஒரு தீபாவளி லீவுக்கு வந்தபோது ரெட்ஹேட் 9இன் மூன்று சிடிக்களைக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிட்டது. திரை வந்தது, ஒலி வந்தது, மவுஸ் ஓடியது. மோடம் மட்டும் வரவில்லை. விவிடயல் என்ற நிரல் சீரியல் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, மோடம் எதுவும் அகப்படவில்லை என்று மன்னிப்புக் கேட்டது. அட்டை உள்ளேதான் இருந்தது. விண்டோஸில் நேற்றுவரை அதே அட்டைதான் கத்திக்கொண்டிருந்தது.

ஏன் அகப்படவில்லை என்று புரிந்துகொள்ள மோடம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் ஒழுங்காகப் போகும். கணினியின் பூஜ்யங்களையும் ஒன்றுகளையும் அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக்கி அனுப்ப வேண்டும், வருகிற ஒலியைத் திரும்ப எண்ணாக்க வேண்டும். கணக்கு நிறைந்த வேலை இது. இன்னொரு வேலை, கணினி சொல்வதைக் கேட்டு நடப்பது: லைனை எடு, நம்பரைப் போடு, வை. 1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்தில் இந்தக் கட்டளைகள் ‘ஏடி’ என்ற இரண்டெழுத்தோடு தொடங்கின. ‘அட்டென்ஷன்’ என்பதன் சுருக்கம். ஏடி என்று அனுப்பினால் ஓகே என்று பதில் வரும். ஏடிடிடி என்று சொல்லி எண்ணைச் சேர்த்தால் டோனில் போடும், ஏடிடிபி என்றால் பழைய முறையில் பல்ஸில் ‘டக் டக்’கென்று போடும். போட்டிக் கம்பெனிகளும் இதே மொழியைப் பிடித்துக்கொண்டன. அதனால் எந்த மோடத்தை எந்தக் கணினியில் சொருகினாலும் சீரியல் போர்ட்டில் ஏடி என்று தட்டினால் போதும். டிரைவர் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை.

1990களின் பிற்பகுதியில் இந்த ஏற்பாடு உடைந்தது. கணினியின் மையச் செயலி வேகமாகிவிட்டது, பாதி நேரம் சும்மா இருக்கிறது. மோடத்தில் இருக்கும் கணக்குப் போடும் சிப்பை எடுத்துவிட்டு அந்த வேலையைப் பென்டியத்தின் தலையில் கட்டினால் என்ன? அட்டையில் மிஞ்சுவது தொலைபேசிக் கம்பியைக் கணினியோடு சேர்க்கிற கொஞ்சம் மின்சுற்று. மிச்சம் எல்லாம் விண்டோஸ் டிரைவருக்குள் போய்விட்டது. ‘வின்மோடம்’ என்பது யுஎஸ் ரோபோட்டிக்ஸின் வணிகப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி நாளடைவில் வகைக்கே அது பெயராகிவிட்டது. இத்தகைய அட்டையில் ஏடி என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை. கேட்கிறவர் விண்டோஸில் குடியிருக்கிறார். லினக்ஸ் அந்த அட்டையைச் சீரியல் போர்ட் என்று காட்டாமல் பொத்தாம்பொதுவாக ‘தொடர்புக் கட்டுப்பாட்டுக் கருவி’ என்று பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

வாங்குகிறவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. என் நினைவில், உள்ளே சொருகும் அட்டை 500 ரூபாய் பக்கம், மேஜைமேல் வைக்கும் வெளி மோடம் 2000 ரூபாயை ஒட்டி. இரண்டு பெட்டியிலும் ‘56கே’ என்றுதான் போட்டிருக்கும். 1500 ரூபாய் வித்தியாசத்தில் எது காணாமல் போகிறது என்று பெட்டியில் எழுதியிருக்காது.

இங்கே எங்கள் மாவட்டத்து விஷயம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பி. சாய்நாத் அதை எழுதியிருக்கிறார். பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பியதற்கு ஒரு காரணம், முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். அந்தக் கருவியை அவர்கள் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொள்ள முடிந்தது. பஞ்சரானால் ஒட்டுகிற கடை எல்லாக் கிராமத்திலும் இருந்தது. வின்மோடத்துக்குப் பஞ்சர் கடை கிடையாது. அது எப்படி வேலை செய்கிறது என்ற தகவல் சிப் கம்பெனியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

பூட்டைத் திறக்க முயன்றவர்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் எஃப்எஃப்எம்பெக், கியூஇமு போன்றவற்றை எழுதிப் புகழ்பெற்ற பிரெஞ்சு நிரலாளர் ஃபேப்ரிஸ் பெல்லார், மோடத்தின் கணக்கு முழுவதையும் திறந்த நிரலாக எழுதும் ‘லின்மோடம்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். லூசென்ட் சிப்புகளுக்கு ஒரு டிரைவர் வந்தது: பாதி மூலநிரல், மீதி பிரிக்க முடியாத ஆப்ஜெக்ட் கோப்பு. தன்னார்வலர்கள் அதை ஒவ்வொரு கர்னலுக்கும் பொருந்தும்படி தைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். கோனக்ஸன்ட் சிப்புகளுக்கு கனடாவின் லினக்ஸன்ட் நிறுவனம் டிரைவர் கொடுத்தது. இலவசப் பதிப்பு 14.4 கேபிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகாது, முழு வேகம் வேண்டுமென்றால் டாலரில் பணம் கட்ட வேண்டும். அந்த வேகத்தில் ஒரு படம் போட்ட மெயிலைத் திறப்பதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். டாலர் கட்ட கிரெடிட் கார்டு வேண்டும். புதுக்கோட்டையில் அதை நான் விளம்பரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

லினக்ஸன்ட் பற்றி ஒரு கிளைக்கதை. மூலநிரல் தராத டிரைவரை ஏற்றினால் லினக்ஸ் கர்னல் தன்னைக் ‘கறைபட்டது’ என்று குறித்துவைத்துக்கொண்டு எச்சரிக்கை எழுதும். 2004 ஏப்ரலில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்: அந்த டிரைவர் தன் உரிம வரியில் ‘ஜிபிஎல்’ என்று எழுதி, உடனே ஒரு சுழி பைட்டை வைத்து, அதற்குப் பின்னால்தான் இது சில கோப்புகளுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. சி மொழியில் சுழி பைட் என்றால் வாக்கியம் முடிந்தது என்று பொருள். கர்னல் முதல் சொல்லோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு, ஆள் நம்ம ஆள் என்று விட்டுவிட்டது. எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து பயனர்களைக் குழப்புகிறது, அதைத் தவிர்க்கத்தான் செய்தோம் என்றது நிறுவனம். கர்னல்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு மோடத்துக்காகவா இவ்வளவு என்று இன்றைக்குத் தோன்றலாம். வீட்டில் லினக்ஸ் வைத்திருந்தவருக்கு அப்போது உலகத்துக்கான ஒரே வாசல் அந்த மோடம்தான்.

டிரைவர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே இருக்கிறது? இணையத்தில். தூர்ந்துபோகாத கிணறு, நல்ல தண்ணீர், ஆனால் இறைக்கிற கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது. அண்ணன் திருச்சியிலிருந்து ஃப்ளாப்பியில் எடுத்துவருவார். கம்பைல் செய்யக் கர்னலின் மூலநிரல் வேண்டும் என்று அது சொல்லும். மூலநிரல் எங்களிடம் இருந்த மூன்று சிடிக்களில் ஒன்றில் இருந்தது, ஏற்றினோம். ரெட்ஹேட் 9இன் கர்னல் 2.4.20-8. டிரைவரோ வேறொரு 2.4.20க்கு ஒட்டப்பட்டது. பிழைச் செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு ப்ரௌசிங் சென்டருக்குப் போவேன். மணிக்கு இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ. தேடி, பதிலைத் திரும்பத் தாளில் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து தட்டினால் அடுத்த பிழை. இரண்டு மாதம் இப்படிப் போனது. ப்ரௌசிங் சென்டர் அண்ணன் பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னார்: “தம்பி, எக்ஸ்பி சிடி தர்றேன், காசெல்லாம் வேணாம். போட்டுக்க. எதுக்கு இந்த வம்பு?”

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தியாவில் வீட்டு லினக்ஸின் வரலாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டற்ற மென்பொருளைப் பற்றி அப்போது தமிழில் வந்த கட்டுரைகள் ‘இலவசம்’ என்பதையே முதல் வாதமாக வைத்தன. அமெரிக்கக் கல்லூரி மாணவனுக்கு அது வாதம். எங்கள் ஊரில் விண்டோஸும் இலவசம்தான். திருட்டு சிடி இருக்கும் ஊரில் லினக்ஸின் விலை பூஜ்யமாக இருப்பதில் லாபம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் லினக்ஸ்தான் விலை கூடியது. 500 ரூபாய் அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு 2000 ரூபாய் மோடம் வாங்கச் சொன்னது. சுதந்திரம், மூலநிரல், பகிர்வு என்று பேசுவதற்கு முன் இந்த 1500 ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலான வீடுகளில் சொல்ல முடியவில்லை. பயன்படுத்தக் கடினம், தமிழ் சரியாகத் தெரியவில்லை, விளையாட்டு இல்லை என்று லினக்ஸ் வீட்டு மேஜையைப் பிடிக்காததற்கு ஆயிரம் காரணம் எழுதியிருக்கிறார்கள். 172233க்கு அழைப்பு போகவில்லை என்ற காரணத்தைக் காணோம்.

எங்கள் வீட்டில் பதில் சொன்னது வைரஸ். விண்டோஸ் அடிக்கடி படுத்துக்கொள்ளும். ஃபார்மெட் அடிக்க ஆள் வந்தால் ஒவ்வொரு தடவையும் 200 ரூபாய். அப்படி ஒரு ஃபார்மெட்டில் அப்பாவின் மெயில்கள் எல்லாம் போய்விட்டன. அவுட்லுக்கில் இறக்கி வைத்திருந்தவை. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. “அவரு அங்க வெயில்ல நின்னு அனுப்புற காசுடா அது. பாத்துச் செலவு பண்ணு”ன்னு சொல்லித்தான் எப்போதும் பணம் எடுத்துக் கொடுப்பார். அந்த முறை நானே கணக்குப் போட்டுக் காட்டினேன், பத்து ஃபார்மெட் காசு ஒரு வெளி மோடம் என்று. அண்ணனின் நண்பர் சென்னை ரிச்சி தெருவில் பழையது ஒன்றை 900 ரூபாய்க்குப் பிடித்துக் கொடுத்தார்.

சீரியல் கேபிளைச் சொருகி, மினிகாமைத் திறந்து ஏடி என்று தட்டினேன். ஓகே. அவ்வளவுதான். இரண்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இரண்டெழுத்துப் பதில்.

எண்ணைப் போட்டபோது மறுபடி மறுத்தது: டயல்டோன் இல்லை என்றது. ரிசீவரை எடுத்துக் கேட்டால் டோன் நன்றாகவே வருகிறது. இது மோடத்தின் கோளாறு இல்லை, அது வளர்ந்த நாட்டின் பழக்கம். அமெரிக்காவில் டயல்டோன் என்பது 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதி சேர்ந்தது. நம் ஊரில் 400 ஹெர்ட்ஸ் சுருதியை 25 ஹெர்ட்ஸில் அதிரவிட்டு ஒரு கரகரப்போடு கொடுப்பார்கள். அமெரிக்கக் காதுக்கு அது டோனாகவே படவில்லை. இதற்கு மருந்து ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளை. டோனுக்காகக் காத்திருக்காதே, கண்ணை மூடிக்கொண்டு போடு என்று அர்த்தம். இந்தியாவில் டயல்அப் பயன்படுத்தியவர்கள் பலருடைய அமைப்புக் கோப்பில் இந்த எக்ஸ்3 மந்திரம் மாதிரி உட்கார்ந்திருக்கும், காரணம் தெரியாமலேயே.

பிறகு அந்தச் சத்தம். முதலில் எதிர்முனை தருவது 2100 ஹெர்ட்ஸ் நீண்ட ஒலி. அது வழியில் இருக்கும் எதிரொலி நீக்கும் கருவிகளைப் பார்த்து ‘கொஞ்சம் சும்மா இருங்கள், இது மனிதர் பேச்சு இல்லை’ என்று சொல்வது. அதன்பின் இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தை அளந்து பார்த்து வேகத்தைப் பேசி முடிக்கும். எங்கள் வீட்டில் 44,000க்கு அருகில் முடிந்தது. வி.90 தரம் 1998இல் வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இணைய நிறுவனத்திலிருந்து நம் எக்ஸ்சேஞ்ச் வரை எல்லாம் டிஜிட்டலாக இருக்க வேண்டும், கடைசிக் கம்பி மட்டுமே அனலாக். நடுவில் ஒரு பழைய எக்ஸ்சேஞ்ச் இருந்தாலும் வேகம் 33.6க்கு இறங்கிவிடும்.

இந்தியச் சிற்றூர்கள் இந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றின என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் 128 இணைப்புகள் தரும் ஒரு சின்ன டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. ஏசி அறை தேவையில்லை, புழுதியும் வெயிலும் தாங்கும். முதலாவது 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. அதை வடிவமைத்தவர்கள் கிராமத்தில் ஒருவர் மகனோடு பேசுவதை நினைத்துச் செய்தார்கள். நடுவிலிருந்த பல பழைய எக்ஸ்சேஞ்சுகளைத் தாண்டிப் போய் நேரே டிஜிட்டலுக்கு வந்துவிட்டதால், பிற்பாடு மோடம்களுக்கும் அது வழிவிட்டது. தொலைபேசியின் வரலாற்றில் சாம் பிட்ரோடாவின் பெயர் வருகிறது, டயல்அப்பின் வரலாற்றில்தான் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது என் கட்சி.

இணைப்பு கிடைத்ததும் சிடிக்களை இறக்கிவிடலாம் என்றா நினைக்கிறீர்கள்? நொடிக்கு 4 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் 650 மெகாபைட் சிடி ஒன்றுக்கு 46 மணி நேரம். மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்றால் 900 யூனிட்டுக்கு மேல். ரெட்ஹேட்டின் மூன்று சிடிக்கு 2700 யூனிட் தாண்டும், நடுவில் யாரும் போனை எடுக்காமல் இருந்தால். “எடுத்தா கொய்ங்னு கத்துதுடா” என்று அம்மா வைத்துவிடுவார், இங்கே இணைப்பு போயிருக்கும். அதனால் லினக்ஸ் இந்தியாவுக்குள் கம்பி வழியாகப் பரவவில்லை, தபால் வழியாகவும் பேருந்து வழியாகவும் பரவியது. பிசி குவெஸ்ட் இதழ் ரெட்ஹேட்டை அடிப்படையாகக் கொண்டு ‘பிசிகியூலினக்ஸ்’ என்ற பெயரில் சிடிக்களைத் தந்துகொண்டிருந்தது. 2003 பிப்ரவரியில் ‘லினக்ஸ் ஃபார் யூ’ என்று தனி இதழே வந்தது. சென்னையில் 1998 ஜனவரியில் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் ஐஐடியில் கூடியது. அங்கே போய்வந்த யாரோ ஒருவரின் சிடியின் நகலின் நகல்தான் திருச்சி விடுதிக்கும் அங்கிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்தது. திருச்சி–புதுக்கோட்டை பஸ் அம்பத்துச் சொச்சம் கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும். மூன்று சிடி இருக்கிற ஒரு பையின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த மோடமும் பக்கத்தில் வராது.

முடிவு சட்டென்று வந்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்ற பிராட்பேண்டை அறிமுகப்படுத்தியது. குறைந்தது 256 கேபிபிஎஸ். அதற்கான பெட்டி ஈதர்நெட் கேபிளோடு வந்தது. கணக்குப் போடும் சிப் மறுபடி தனிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கணினியில் லினக்ஸ் இருக்கிறதா விண்டோஸா என்று அது கேட்கவே இல்லை. அத்தகைய பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடியது லினக்ஸ்தான். வீட்டு மேஜையில் தோற்ற லினக்ஸ் மோடத்துக்குள் ஜெயித்துவிட்டது, யாருக்கும் தெரியாமல்.

அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல்அப் சேவையை 2025 செப்டம்பர் 30ஆம் தேதி நிறுத்தியது. அந்தச் செய்தியைப் படித்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது பரண்மேல் இருந்த பழைய கணினியை இறக்கினேன். மின்தேக்கிகள் இரண்டை மாற்றியதும் ரெட்ஹேட் 9 எழுந்துவிட்டது. கூப்பிட 172233 இல்லை, வீட்டில் செம்புக் கம்பியும் இல்லை, ஃபைபர் வந்துவிட்டது. அதனால் எக்ஸ்சேஞ்சை நானே கட்டினேன். இரண்டு முனை கொண்ட ஒரு விஓஐபி அடாப்டர், ஒரு முனையில் பழைய கணினியின் வெளி மோடம், மறுமுனையில் ஒரு யுஎஸ்பி மோடம், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ராஸ்ப்பெரி பை. பையில் எம்கெட்டி அழைப்பை எடுத்து பிபிபியிடம் ஒப்படைக்கும். அடாப்டரில் ஒலியைச் சுருக்காத கோடெக்கை வைத்து, எதிரொலி நீக்கத்தை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மோடங்கள் ஒன்றையொன்று மென்று துப்பும். மூன்றாவது முயற்சியில் 31,200இல் நின்றது. இரண்டு முனையும் அனலாக் என்பதால் 33.6க்கு மேல் எப்படியும் போகாது.

அதிலிருந்த மொஸில்லா 1.2.1இல் இன்றைய தளம் எதுவும் திறக்கவில்லை. பாதுகாப்பு நெறி டிஎல்எஸ் 1.0ஓடு அது நின்றுவிட்டது, தளங்கள் 1.2க்குக் கீழே பேசுவதில்லை. பையில் ஒரு சாதாரணப் பக்கத்தை எழுதி வைத்தேன், அது வந்தது, மேலிருந்து கீழாக மெதுவாக. அந்த வெளி மோடத்தை யுஎஸ்பி-சீரியல் மாற்றியில் சொருகி, அலுவலக லேப்டாப்பில், இந்த வருடத்துக் கர்னலில் ஏடி என்று தட்டினேன். ஓகே என்றது. உள்ளே இருந்த 500 ரூபாய் அட்டை இன்னும் அதே பிசிஐ ஸ்லாட்டில்தான் இருக்கிறது. அதைச் சொருக லேப்டாப்பில் இடம் இல்லை, அதற்கு வந்த டிரைவர் இந்தக் கர்னலில் கம்பைல் ஆகவும் ஆகாது.